நோயில்லாதவர் ரத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவின் கைநடுக்கம் புது மாத்திரைக்குக் கொஞ்சமாவது அடங்குகிறதா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பார்க்கின்சன் நோய் வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் ரத்தச் சோதனை ஒன்றை மூன்று வருடமாக உருவாக்கி வருகிறோம் அல்லவா? அதைச் சரிபார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டியிருந்தது. என்னுடையதைக் கொடுத்தேன். எனக்கு வரப்போகிறது என்று காட்டிவிட்டது!

"சோதனைதான் தப்பு. போச்சு, அத்தனை உழைப்பும் போச்சு" என்று ஆய்வகத் தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும், தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

முழுக்கை பனியன் இரண்டு அனுப்பி வை. பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகன்

பி.கு. அப்பாவுக்கு முதன்முதலாகக் கை நடுங்கியபோது என்ன வயது? சும்மாதான் கேட்கிறேன்.