சூளையில் வெந்த செல்போன்

நேற்று மத்தியானம் சாப்பிட்டு முடித்து டிவியைப் போட்டேன். ஏதோ ஒரு படம், பெயரைக்கூடப் பார்க்கவில்லை. கொலை செய்துவிட்டு ஓடுகிறவன் ஒரு பாலத்தில் காரை நிறுத்தினான். செல்போனிலிருந்து சிம்மை உருவி இரண்டாக ஒடித்தான். போனைக் காலால் நசுக்கி ஆற்றில் வீசினான். அதற்கு ஒரு மியூசிக் வேறு. எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? தலை தானாக உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டது. இப்போது ஆரம்பிப்பீர்கள் என்று காத்திருந்தேன். நாற்காலியில் மடிக்காத துணிதான் கிடந்தது.

இந்த ஒரு காட்சி வந்தால் போதும், உங்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ! வீட்டில் என்றால்கூடப் பரவாயில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தியேட்டரில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், "அட கூறுகெட்டவனே, சிம்மை ஒடைச்சா எல்லாம் போயிடுமாடா? யார்கிட்ட எப்பப் பேசினேன்னு கம்பெனிக்காரன்கிட்ட இருக்குதே!" என்று சத்தம் போடுவீர்கள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். "ஏங்க, நாம படம் பாக்க வந்தோமா, வில்லனுக்கு டியூஷன் எடுக்க வந்தோமா?" என்று தொடையில் கிள்ளுவேன்.

கிள்ளினால் அடங்குகிற ஆளா நீங்கள்? இடைவேளையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தையும் சொல்லி முடிப்பீர்கள். கண்ணாடியை நொறுக்குவது சும்மா மேல்காயமாம். போனின் உயிர் உள்ளே நகத்தளவு சில்லில் இருக்கிறதாம். தண்ணீரில் போட்டாலும் எடுத்துக் காயவைத்தால் பிழைத்துக்கொள்ளுமாம். "அதை வுடு. அவன் ஒருத்தனுக்கு அனுப்பினது அந்த அடுத்தவன் போன்ல இருக்குமே, அதை எவன் போயி ஒடைப்பான்?" என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்பீர்கள். என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும்? டீ ஆறுகிறது, குடியுங்கள் என்பேன்.

ஒரே ஒரு வில்லனைத்தான் நீங்கள் பாராட்டிப் பார்த்திருக்கிறேன். அவன் போனை உடைக்கவில்லை. ஆன் செய்தபடியே எதிரில் போன லாரியில் தூக்கிப் போட்டுவிட்டான். "இவன் வெவரமானவன்டி! நம்ம ஊர்ல இதை கரும்பு லாரியில போட்டான்னு வையி, போலீசு பெண்ணாடம் மில்லுல சக்கையக் கிளறிக்கினு நிக்கும்" என்று வீடு வருகிறவரை சிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

இந்த ஞானமெல்லாம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாதா? பீங்கான் கம்பெனியில் களிமண் கரைசல் தொட்டியை எட்டிப் பார்க்கக் குனிந்தீர்கள், சட்டைப் பையிலிருந்த போன் உள்ளே போய்விட்டது. முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவி எடுத்தீர்கள். கடைக்காரர் அதைப் பிரித்துக் கழுவி, காயவைத்து, வேறு பேட்டரி போட்டுக் கொடுத்தார். மகள் கல்யாணப் போட்டோவில் ஒன்றுகூடக் கெடவில்லை. அன்று பிடித்த பேச்சுதான்.

அப்படிப் பேசின மனுஷன் கடைசியில் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தொட்டியில் விழுந்ததிலிருந்து உங்களுக்குச் சட்டைப் பையின்மேல் நம்பிக்கை போய்விட்டது. சூளை வண்டியில் பீங்கான் பியூஸ் கட்டைகளை அடுக்கும்போது போனை எடுத்து, பத்திரம் என்று அந்த வண்டித் தட்டிலேயே ஓர் ஓரமாக வைத்துக்கொள்வீர்கள். அன்றைக்கும் வைத்தீர்கள். மேலே அடுக்கினீர்கள், பக்கத்தில் அடுக்கினீர்கள். வண்டியைச் சூளைக்குள் தள்ளிக் கதவை அடைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டுப் பற்றவைத்தீர்கள். டீக்கடையில் நின்று இடுப்பைத் தடவினபோதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. ஓடி வருவதற்குள் உள்ளே பட்டென்று பேட்டரி வெடித்த சத்தம் கேட்டதாம்.

பற்றவைத்த சூளையை யார் திறப்பார்கள்? ஆறின பிறகு ஒரு கறுப்புக் கட்டியைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். முதலாளி போட்ட சத்தத்தில் பாதியை நானும் போட்டேன். உங்களுக்கு அதெல்லாம் உறைத்தால்தானே? "பாத்தியாடி, எந்த சினிமாக்காரனுக்காச்சும் தோணிச்சா? இதுதான் அழிக்கிறது! இதுலேர்ந்து ஒரு மசுரும் எடுக்க முடியாது" என்று பெருமை வேறு. புது போன் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், அதுவரை என் போனே போதும் என்றீர்கள்.

அந்த அப்புறம் வரவேயில்லை. இரண்டே நாளில், ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். "வூட்டுக்குப் போயி மோரு குடிச்சா சரியாயிடும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னீர்களாம். மோர் வீட்டில் இருந்தது. நீங்கள்தான் வரவில்லை.

ஏங்க, ஒன்று சொல்கிறேன், திட்டக்கூடாது. கொஞ்ச நாள் முன்னால் உங்கள் குரல் எனக்கு மறந்துகொண்டே வந்தது. நீங்கள் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. அந்தக் கரகரப்பு, சொல்லும்போதே சிரிப்பை அடக்குவீர்களே அது, அதுதான் வரமாட்டேன் என்றது. உங்கள் பேச்சை நினைத்துப் பார்த்தால் என் குரலிலேயே கேட்டது. பயந்து போனேன். மகளைக் கூப்பிட்டு என் போனில் தேடச் சொன்னேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. அவளுக்கும் நேராகக் கூப்பிட்டுத்தானே பேசுவீர்கள், அவள் போனிலும் இல்லை. "ஒரே வூட்ல இருந்தவங்களுக்கு எதுக்கும்மா வாய்ஸ் மெசேஜ்?" என்றாள்.

நியாயம்தான். டைப் அடிக்கச் சோம்பேறித்தனப்பட்டு ஊருக்கெல்லாம் வாயாலேயே அனுப்பிக்கொண்டிருந்தவர் நீங்கள். எனக்கென்று அனுப்பவில்லை. அடுப்படிக்கு ஒரு குரல் கொடுத்தால் போதும், நான் வந்துவிடுவேன். அவ்வளவு பக்கத்தில் இருந்ததற்கா எனக்கு இந்தத் தண்டனை என்று அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் உங்கள் இடைவேளைக் கேள்வி நினைவுக்கு வந்தது. அடுத்தவன் போனில் இருப்பதை எவன் உடைப்பான்? மறுநாளே மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். சலீம் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். உங்களோடு சேர்ந்து சூளை அடுக்கியவர், அங்கே போன பிறகும் நீங்கள் தினம் ஒரு கதை அனுப்பியது அவருக்குத்தானே.

"வா தங்கச்சி" என்று எழுந்தவர், நான் கேட்டதும் போனைக் கைலியில் துடைத்தார். "போன் ரொம்பிப் போச்சுன்னு எங்க புள்ளைங்க போட்டோவக்கூட அழிச்சேன். மாப்ள அனுப்பினது ஒண்ணையும் அழிக்கல. மனசு வரல" என்றார்.

முதலில் போட்டதே வில்லனைத் திட்டுகிற உங்கள் பிரசங்கம். கேட்டதும் சிரித்துவிட்டேன். அதே கரகரப்பு! அப்புறம் மழை பெய்ததைச் சொன்னீர்கள், கம்பெனியில் கரண்டு போனதைச் சொன்னீர்கள், பேரன் நடக்க ஆரம்பித்ததைச் சொன்னீர்கள். எல்லாம் அவருக்குச் சொன்னவை. நான் ஒட்டுக்கேட்கிறவளாக உட்கார்ந்திருந்தேன்.

அதற்கடுத்து ஒன்று. அண்ணன் ஊருக்கு வரும்போது பேரீச்சம்பழம் வாங்கி வரச் சொல்கிறீர்கள். பாதியில், தூரத்தில், என் குரல். "ஏங்க, சோறு ஆறுது! அந்தப் போனைக் கீழ வெச்சிட்டு வாங்க!" என்று கத்துகிறேன். நீங்கள் வாயைப் போனிலிருந்து விலக்கி, என் பக்கம் திரும்பிச் சொல்கிறீர்கள்: "தோ, வந்துட்டேன்டி."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு அதை எனக்கு அனுப்பி வைத்தார்.

இப்போது அது என் போனில் இருக்கிறது. தினமும் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு அதைப் போடுகிறேன். நான் கூப்பிடுகிறேன். வந்துவிட்டேன் என்று நீங்களும் சொல்கிறீர்கள். சொன்னால் போதுமா? வாங்களேன்.