விசில் எண்டே சொல்லு

இன்று காலை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான என் மேசைக்கு ஒரு கடிதக்கட்டு வந்தது. சிவப்பு நாடா, வெளிநாட்டு முத்திரை, தடித்த தாள். பந்தயக்காரர் காசு கொடுத்து ஆட்டத்தை நிர்ணயித்த வழக்கு ஒன்றுக்காக யாழ்ப்பாணத்தில் ஒருவரின் சாட்சியத்தை எடுத்துத் தரும்படி இன்னொரு நாடு கேட்டிருக்கிறது. மொழிபெயர்க்க உட்கார்ந்த நான் முதல் வரியிலேயே சிரித்துவிட்டேன். உன் நினைவுதான்.

இப்படியொரு கடிதம் முதன்முதலாக வந்தபோது நீ குருநகர் மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தாய். அடுத்த நாள் பெண்கள் உதைபந்தாட்டம், விசில் ஊதும் மத்தியஸ்தர் நீதான். "உன்ரை பேர் போட்டு வெளிநாட்டிலையிருந்து கடிதம் வந்திருக்கு" என்றேன். வாளி கைநழுவி விழுந்தது.

"எடியே, என்னைப் பிடிக்கப் போறாங்களோ?"

"இல்லையடி. உன்னைச் சாட்சிக்குக் கேக்கிறாங்கள்."

அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளிநாட்டுப் பந்தயக்காரன் ஒருவன் உன்னைத் தொலைபேசியில் அழைத்திருந்தான். எங்கள் சின்ன ஆட்டங்களையும் யாரோ நேரலையில் பார்த்துப் பந்தயம் கட்டுகிறார்கள் என்பதே அன்றுதான் நமக்குத் தெரிந்தது. இரண்டாம் பாதியில் ஒரு தண்ட உதை கொடுத்தால், உன்னைச் சர்வதேச மத்தியஸ்தர் ஆக்கிவிடுவதாக அந்த ஆள் சொன்னான். "விளையாடுற பிள்ளையள் பிழை விட்டால் தாறன், விடாட்டித் தரமாட்டன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாய். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாய். அந்தக் கனவு உனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் விடாமல் அவன் அனுப்பிய குரல் பதிவுகளோடு இரண்டு பேரும் பொலிசுக்குப் போனோம். "ஆள் வேறை நாட்டிலை இருக்கிறான், தங்கச்சி. நாங்கள் என்ன செய்யிறது?" என்றபடியே முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் அந்த நாட்டில் அவன் பிடிபட்டபோது, அவனுடைய தொலைபேசியில் உன் இலக்கமும் இருந்தது. அவர்களுடைய கேள்வி அமைச்சு அமைச்சாக நடந்து, கொழும்பு வழியாக உன்னைத் தேடி வந்துவிட்டது.

சாட்சி சொன்ன அன்று திரையில் அந்த நாட்டு நீதிபதி, இந்தப் பக்கம் சாட்சியாக நீயும் மொழிபெயர்ப்பாளராக நானும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார்: "சர்வதேச மத்தியஸ்தராக ஆசை இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் ஏன் மறுத்தீர்கள்?"

"ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் விசில் என்ரை வாயிலை எல்லோ இருக்கு, அந்தாளின்ரை வாயிலை இல்லையே."

நீதிமன்றத்துக்கு ஏற்றபடி, 'தீர்மானம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது' என்று நான் ஆங்கிலத்தில் மெருகேற்றினேன். உன் பள்ளிக்கூட ஆங்கிலம் அதைப் பிடித்துவிட்டது. எல்லார் முன்னாலும் என் பக்கம் திரும்பினாய்.

"நான் விசில் எண்டெல்லே சொன்னனான். விசில் எண்டே சொல்லு."

சொன்னேன். கடலுக்கு அப்பால் அந்த நீதிபதி வாய்விட்டுச் சிரித்தார்.

அவன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த செய்தியை நான் சொன்னபோது நீ மீன் சந்தையில் நின்றாய். நீ போட்ட கூச்சலில் என் காது அடைத்தது. அடுத்த ஆட்டத்தில் சனம் விடவில்லை: "வெளிநாட்டுக்குப் போன் அடிச்சுக் கேட்டிட்டு ஊதுங்கோ!" நீயும் சேர்ந்து சிரித்தாய், சிரித்த வாயோடு உன் சொந்தத் தெருக் கழகத்துக்கு எதிராகவே ஒரு தண்ட உதை கொடுத்தாய். கை தட்டினார்கள்!

சர்வதேச ஆட்டம் உனக்குக் கிடைக்கவில்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கிடந்தபோது அதைப் பற்றித் தயங்கிக் கேட்டேன். "என்ரை கதை போயிட்டுதே வெளிநாட்டுக்கு, அதுவே எனக்குக் காணும்" என்று கண்ணடித்தாய்.

நீ கண்மூடிய பிறகு, சென்ற மாதம் வேறொரு வழக்கில் ஒரு மீனவர் சாட்சி சொன்னார். தன்னை ஏமாற்றியவன் கேள்வி கேட்டால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடுவான் என்றார். 'நழுவுவார்' என்ற நாகரிகமான சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, நண்டு என்றே சொன்னேன். மன்று முழுவதும் சிரித்தது. அந்த மனிதர் தலையை நிமிர்த்திக்கொண்டு, மிச்சத்தையும் சொல்லத் தொடங்கினார்.