ஏரோ யார் என்று சொல்லாமல்

குவோபியோ,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் தூலிக்கு அம்மா எழுதுவது. நான் நலம், ஏரி ஓரமாக உறையத் தொடங்கிவிட்டது. நீ லிஸ்பனில் நலமா என்று கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது. நாவலைப் பதிப்பகம் மறுபடியும் திருப்பிவிட்டது, பள்ளி நாளிலிருந்து இணையத்தில் எழுதிய ரசிகர் கதைகளையெல்லாம் அழித்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அடுத்தவருடைய தொடரின் ஆட்களை வைத்து எழுதிப் பழகியதால் எனக்கு எழுத்து வந்ததா, கெட்டதா என்று நீ கேட்டதற்குத்தான் இந்தக் கடிதம். எழுதும் முன் உன் நாவலை நிதானமாகப் படித்தேன்.

வந்தது என்றுதான் முதலில் சொல்வேன். என் வகுப்பில் பிள்ளைகள் கட்டுரையை ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். நீயோ அந்தக் கலங்கரை விளக்கத் தொடரின் காவல்காரனை வைத்து வாரம் தவறாமல் அத்தியாயம் போட்டாய், முகம் தெரியாதவர்கள் "அவரைத் தண்ணியிலயே விட்டுட்டுப் போனா எப்படி" என்று உன்னோடு சண்டை பிடித்தார்கள். பேச்சை எழுதவும் அத்தியாயத்தை எங்கே நிறுத்துவது என்றும் அவர்களிடம்தான் கற்றாய், நான் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. ஆனால் உன் நாவலின் முதல் பக்கத்திலேயே ஏரோ என்று ஒருவன் படகுத்துறையில் நின்று அழுகிறான். யார் அவன், எதை இழந்தான், ஒரு சொல்கூட இல்லை. நூலகத்தில் வேலை பார்த்த என் தோழி பிர்க்கோவிடம் நாவலைக் கொடுத்தேன். அவள் காபியை ஊற்றிக்கொண்டே, "உன் பொண்ணு நல்லாத்தான் எழுதறா ரைலி, ஆனா விருந்துல எல்லாரும் பேசிச் சிரிச்சிட்டு இருக்காங்க, நான் கோட்டைக் கழட்டாம வாசல்லயே நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அந்தக் காவல்காரன் பெயரைச் சொன்னால் போதும், அவனுக்கு ஒரு காது கேட்காது என்பதுவரை உன் வாசகர்களுக்குத் தெரியும். ஏரோவை உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, தூலி. பதிப்பகமும் இதையே சொன்னதாகச் சொன்னாய், நீயும் திருத்தித் திருத்தி எழுதினாய், ஒவ்வொரு முறையும் அவன் தெரிந்தவனாகவேதான் வந்து நிற்கிறான். போகப்போக ஆளை அறிமுகம் செய்து எழுதப் பழகிவிடுவாய் என்று சொல்ல எனக்கு ஆசைதான், வாய் வரவில்லை.

அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது. இப்போதெல்லாம் முதியோர் இல்லத்துக்குப் போனால் வாசலிலேயே நின்று, "நான் ரைலி, உங்க பொண்டாட்டி, பட்டாணி சூப்புக்குக் கடுகு விழுது வைக்க மறக்கிறவ" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். சில நாள் சிரிப்பார். போன வியாழன், "அவ வெளியூர் போயிருக்காளே, நீங்க யாரு மேடம்" என்றார். உன் படத்தைக் காட்டினேன், "லட்சணமான பொண்ணு, யார் வீட்டுப் பொண்ணு" என்று கேட்டார். நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி நூல் பின்னிவிட்டு வந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது நேராக ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளாதே, பயந்துவிடுவார். வாசலில் நின்று பெயரைச் சொல். அவரோடு உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய், தூண்டில் விட வெட்டிய பனித்துளையில் கையுறையைத் தவறவிட்டு அழுத பெண் என்று சொல். பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் சொல்.

எழுதினாலும் எழுதாவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடு. கம்பளிக் காலுறை மறக்காதே. கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ரைலி, உன் அம்மா, கடுகு விழுது வைக்க மறக்கிறவள்