பத்துக் குச்சி தூக்கியவன்

4 பிப்ரவரி 1979, ஞாயிறு

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் துணி துவைக்கும் ருக்குமணி அக்கா இன்று எனக்குப் பதினான்கு சீட்டுகள் கொடுத்தார். விருந்தாளியாக வந்திருந்த வெள்ளைக்கார அம்மா மேசை இழுப்பறையில் விட்டுப்போனதாம். "நீதானே கண்டதெல்லாம் படிக்கிறவ. வெச்சுக்க லா, சீதா," என்றார். குறி பார்க்கும் சீட்டு. கூடவே ஆங்கிலத்தில் ஒரு தாள், ஈரத்தில் பாதி கிழிந்தது. முழுக் கட்டில் நான்கு இனம் உண்டாம்: கிண்ணம், வாள், நாணயம், குச்சி. என்னிடம் வந்தது குச்சி மட்டும். எல்லாக் குச்சியிலும் குட்டி குட்டியாய் இலை துளிர்த்திருக்கிறது, கவாத்து வெட்டி இரண்டு மாதம் ஆன தேயிலைச் செடி போல.

7 பிப்ரவரி

பள்ளி நூலகத்தில் இருப்பது ஆங்கிலம்–மலாய் அகராதி. ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு, அங்கிருந்து நானே தமிழுக்கு. வந்து சேர்வதற்குள் அர்த்தம் களைத்துப்போகிறது. குச்சி என்றால் நெருப்பாம், ஆசையாம், வேலையாம். மூன்றும் எப்படி ஒன்றாகும்? சீட்டு தலைகீழாக விழுந்தால் அர்த்தமும் மாறுமாம். ஆனால் எதிரே இருப்பவருக்கு நேராகத் தெரிவது எனக்குத் தலைகீழ். யாருடைய தலைகீழ்? அந்த இடத்தில்தான் தாள் கிழிந்திருக்கிறது.

8 பிப்ரவரி

ஐந்து: சண்டை. எட்டு: செய்தி, பயணம். நான்கு: மாலை தொங்கும் நான்கு குச்சி, பந்தல் மாதிரியே. கல்யாணம், மகிழ்ச்சி. பத்து: சுமை, நசுங்குதல். ஒருவன் பத்துக் குச்சியையும் அணைத்துக்கொண்டு குனிந்து நடக்கிறான். முகமே தெரியவில்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

என் கூடப்பிறந்த நவமணி அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று பதினைந்து வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள் அவள். மாப்பிள்ளை தங்கராஜு, பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறார். ஒரு சாக்கு முட்டைக்கோஸ் கொண்டுவந்திருந்தார்.

"ஏன் தம்பி, திரிங்காப் பூரா பூத்தோட்டம். ஒரு பூ கெடைக்கலியா?" என்றார் ருக்குமணி அக்கா.

"பூ வாடிடும்க்கா. இது ஒரு வாரம் தாங்கும்." காது சிவந்துவிட்டது அவருக்கு.

உள்ளே நவமணி அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. நல்லவர்தான். எனக்கு ஏன் பிடிக்கவில்லை?

12 பிப்ரவரி

வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சாயங்காலம் நவமணி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தச் சீட்டு என்னா சொல்லுது, பாருடி."

"நிஜமாவா கேக்கற?"

"வேற யார்கிட்ட கேக்கறது? நீதான் படிச்சவ."

கலைத்தேன். எடுத்தாள். பத்து. தாளில் உள்ளதை அப்படியே சொன்னேன்: சுமை, நசுங்கிப்போவது. அவள் கூடைக் கயிற்றை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள்.

13 பிப்ரவரி

எழுதாவிட்டால் தூங்க முடியாது. அவள் முதலில் எடுத்தது பத்து இல்லை. நான்கு. மாலைப் பந்தல். "ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துருச்சு, செல்லாது, வேற எடு" என்றேன். ஒட்டவில்லை. ஒன்றுதான் வந்தது.

ஆனால் அடுத்தது பத்து வந்ததே, அதை நான் வரவழைக்கவில்லையே? அப்போ சொன்னது சீட்டா, நானா?

14 பிப்ரவரி

கணக்குப் பாடம் ஒன்றும் ஏறவில்லை.

15 பிப்ரவரி

நவமணி அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"காரணம் சொல்லு."

"சீட்டுல சுமைன்னு வந்துச்சும்மா."

அம்மா சீட்டை வாங்கிச் சன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. "இதுல என்னாடி சுமை? கவாத்துக் குச்சி தூக்கிட்டுப் போறான். அந்தா பாரு, வீடு. அவன் வூட்டு அடுப்புக்குத்தானே?"

அப்பாவும் எட்டிப் பார்த்தார். "ஒரே நடையில பத்தா! பேராசக்காரன்."

வீடு இருந்தது. ஓரத்தில், சின்னதாக. பத்து நாளாக நான் பார்த்த படம். கவாத்து முடிந்த மலையில் வெட்டிப்போட்ட குச்சி எங்களுக்குச் சும்மா கிடைக்கும் விறகு. அன்றைக்கு எங்கள் லயத்து வரிசைவீட்டார் எல்லாரும் இப்படித்தான் குனிந்து வருவோம், பேசிக்கொண்டே. யாரும் அதைத் துக்கம் என்று சொன்னதில்லை.

குழாயடிக்கு அக்காவின் பின்னாலேயே போனேன். சொல்லிவிட்டேன். "மொத சீட்டு ஒட்டலக்கா. அது கல்யாணச் சீட்டு. நான்தான்—"

அடிப்பாள் என்று நினைத்தேன்.

"தெரியும்டி. பந்தல் கூடவா எனக்குத் தெரியாது?"

"தெரிஞ்சுமா வேணாம்னு சொன்ன?"

"நீயே போவாதேங்கற. நான் எப்டிப் போறது?"

வாளி நிரம்பி வழிந்தது. இருவருமே குழாயை மூடவில்லை. "போக்கா," என்றேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகுதான் குழாயை மூடினேன்.

16 பிப்ரவரி, வெள்ளி

சம்மதம் என்று அம்மா திரிங்காப்புக்குச் சொல்லி அனுப்பினாள். இதற்குச் சீட்டு எடுக்கவில்லை.

8 செப்டம்பர், சனி

ஆறாம் எண் மலையில் கவாத்து முடிந்தது. அக்கா கல்யாணமாகிப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவள் பங்குக் குச்சிகளை இன்று நான் தூக்கினேன். குனிந்துவிட்டால் வீடு தெரிவதில்லை, கால் மட்டும்தான். "மெதுவா லா, எங்க ஓடற?" என்று பின்னாலிருந்து அம்மா. நான் சிரித்துக்கொண்டு வந்தேனா, அழுதுகொண்டு வந்தேனா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. முகத்துக்கு முன்னால் முழுக்கக் குச்சி.

வந்ததும் அந்தத் தாளை எடுத்தேன். பத்துக்கு நேரே நான் தமிழில் 'சுமை' என்று எழுதியிருந்ததை அடித்து 'விறகு' என்று எழுதினேன். கழுத்து வலித்தது. 'சுமை'யையும் மறுபடி பக்கத்தில் எழுதி வைத்தேன்.

சீட்டு இப்போது பதின்மூன்றுதான். பத்தை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறாளாம், போன வாரம் முட்டைக்கோஸ் இறக்க வந்த தங்கராஜு மாமா சொன்னார். நேராக ஒட்டியிருக்கிறாளா, தலைகீழாகவா என்று கேட்க மறந்துவிட்டேன்.