அன்று ஊதாத விசில்

மேடம், இன்று காலை பக்கத்து வீட்டில் மோரில் பெருங்காயம் கரைத்தார்கள். அந்த வாசம் ஜன்னல் வழியாக வந்ததும் உங்கள்மேல் கோபம் பொங்கிவிட்டது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுகை குறைந்திருக்கிறது. கோபம் குறையவில்லை.

நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் போங்கள்.

வத்தலக்குண்டு ரோட்டில் எங்கள் நூல் மில்லுக்கு நீங்கள் முதலில் வந்தபோது, காலேஜில் உடற்பயிற்சி அறிவியல் சொல்லித்தரும் ப்ரொபசர் என்றார்கள். சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ. வாசலில் இரண்டு சிவப்புக் கூம்புகளை வைத்து, ஆறு நிமிஷம் அதற்கும் இதற்கும் நடக்கச் சொன்னீர்கள்.

"ஷிப்டு பூரா மெஷினுக்கு மெஷின் ஓடுறோம். இன்னும் நடக்கணுமாம்ல! மேடத்துக்குப் பொழுது போகல போலிருக்கு" என்றாள் என்கூட வேலை பார்த்த ஜெயராணி.

நீங்களும் சிரித்தீர்கள். "ஓடுறீக, சரி. நெஞ்சு என்ன சொல்லுதுன்னு என்னைக்காச்சும் கேட்டீகளா?"

நாங்கள் எங்கே கேட்டோம்? நெஞ்சு வலித்தால் வாயு என்போம். பெருங்காய மோரைக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போவோம். அப்படிப் போன ஜெயராணி வீடு திரும்பவில்லை. அவள் சாவு வீட்டில் வந்து உட்கார்ந்த நீங்கள், அதன்பிறகு வருஷக்கணக்காக எங்கள் ஒவ்வொரு வீடாக ஏறினீர்கள். அதுவே உங்கள் ஆராய்ச்சி ஆனது. படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து எங்கள் எதிரிலேயே மிரட்டினீர்கள்: "இவுக வாயுன்னு சொன்னா சிரிக்காம சோதிச்சுப் பாக்கணும். பாக்காதவனுக்கு என்கிட்ட பாஸ் கிடையாது."

சுகாதார ஆபீசில் சண்டை போட்டு வாரம் ஒரு நாள் நர்சை வரவைத்தீர்கள். தினமும் கூட்டமாக நடக்க வைத்த பொம்பளைகளுக்கு என்னைத் தலைவியாக்கி, கழுத்தில் விசில் மாட்டினீர்கள். "வாயுன்னு யார் சொன்னாலும் ஊது. எல்லாரும் நிக்கணும், ஆஸ்பத்திரி வண்டி வரணும். ஆள் யாருன்னு பாக்காத."

பார்த்தேனே மேடம்.

நாங்கள் நடப்பதற்கென்று நீங்கள் கேட்டு வாங்கிய நடைப் பாதையைத் திறந்துவைக்க அதிகாரிகள் வரும் காலை. கூம்பைத் தூக்கிவந்த நீங்கள் அதைக் கீழே வைத்துவிட்டு இடது தோளைப் பிடித்தீர்கள். அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லம்மா. வாயுதான்."

என் கை விசிலுக்குப் போனது. நீங்கள் அதைப் பொத்திக்கொண்டீர்கள். "ஊதிராத! பெரியவுக வார நேரம். செத்த நேரத்துல சரியாயிரும். பெருங்காய மோர் இருந்தா கொண்டா."

ஓடிப்போய்க் கரைத்து வந்தேன். குடித்தீர்கள். அதிகாரிகள் கார் வருவதற்குள் இரண்டு கூம்புக்கும் நடுவில் விழுந்துவிட்டீர்கள்.

எந்த வாயால் எங்களைத் திட்டினீர்கள்? ஜெயராணிக்குத் தெரியாது, செத்தாள். உங்களுக்கு என்ன வந்தது? அந்த மோரை என் கையால் அல்லவா வாங்கிக் குடித்தீர்கள்! இரங்கல் கூட்டத்தில், கடைசி நிமிஷம்வரை உழைத்தார் என்று புகழ்ந்தார்கள். உழைக்கவில்லை, மறைத்தார் என்று கத்த எழுந்தேன். நானும் சேர்ந்துதானே மறைத்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

இன்று உட்காரவில்லை. விசிலோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"யாருக்கு மோரு?" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

"மாமாவுக்குத்தான்க்கா. வாயு பிடிச்சிருக்காம்."

நடு வீட்டில் நின்று ஊதினேன். "வீட்டுக்குள்ள விசில் அடிக்கிறா பாரு, கிறுக்கச்சி!" என்று அந்த மனுஷன் குதித்தார். மோரைக் கொட்டிவிட்டு, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நெஞ்சில் ஒயர் வைத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். வெறும் வாயுதானாம். வீடு வரும்வரை அவர் வாய் மூடவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

எனக்கு வெட்கமாக இல்லை. அன்று உங்கள் கையைத் தட்டிவிட்டு ஊதியிருந்தால், அதிகாரிகள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்று நீங்களும் இப்படித்தான் திட்டியிருப்பீர்கள். நான் வாங்க வேண்டிய திட்டு அது. விசில் என் கழுத்தில்தான் இருக்கிறது மேடம். இனி யார் கை பொத்தினாலும் ஊதுவேன்.