மாமாவின் கோபத்துக்கு ஓர் இடம்

அன்புள்ள பெரியவளுக்கு,

நாங்கள் இங்கே நலம், நீயும் நலமாக இருந்து வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். எனக்குக் கையில் வீக்கம், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள், பொறுத்துக்கொள். உன் வேலை இணையத்தில் கெட்ட வார்த்தை பிடிப்பது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், எதிர்வீட்டுத் தையல்காரர் அதை நம்பிப் போனில் பேசும்போதுகூட நாக்கைக் கடித்துக்கொள்கிறார். வன்முறைத் தீவிரவாதம் எது, வெறும் ஆத்திரம் எது என்று கோடு போடும் வேலை அது என்பது போன வாரம்தான் எனக்கு உறைத்தது.

உன் மாமாவின் பஸ் டிப்போவில் வேலைநிறுத்தம் நடப்பது உனக்குத் தெரியும். இவர்களுக்குப் பதிலாக வெளியூர் டிரைவர்களை இறக்கிவிட்டார்கள், மாமா கொதித்துப்போயிருந்தான். சாப்பிடும்போது போனைக் காட்டினான். அவர்கள் குழுவில் எவனோ, வந்தவனுங்க மனுஷங்களே இல்ல, தூங்குற ரூமோட வெச்சுக் கொளுத்தினாத்தான் சரியாகும் என்று எழுதியிருந்தான், கீழே வரிசையாகக் கைதட்டல், அதில் மாமாவுடையதும் ஒன்று. முன்பு நீ போனில் சொன்னதையே அவனிடம் சொன்னேன்: சம்பளம் குடு, இல்லன்னா வண்டி ஓடாதுன்னா அது போராட்டம், திட்டினாக்கூட கோபம்தான், ஒரு கூட்டத்தையே மனுஷங்க இல்லன்னு சொல்லி, அழிக்கிறதுதான் நியாயம்னு ஆள் சேர்த்தா அது வேற. அதற்கு அவன், ஆமாக்கா, உன் பொண்ணு குளுகுளு ரூம்ல உக்காந்து எங்க வாயைப் பூட்டுறா, நீ சாவியை வெச்சுக்க என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டேய், ஸ்டிரைக் பண்றவங்க எழுதுறதையும் தீவிரவாதத்துல சேர்த்துத் தூக்கச் சொன்னப்ப, முடியாதுன்னு மேலதிகாரிகிட்ட மல்லுக்கட்டினவ அவதான்டா, அதுக்காக அவ வேலையை இன்னும் நிரந்தரமாக்கலை என்றேன். மாமா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கைதட்டலை அழித்துவிட்டு, நேரே சங்கத் தலைவரிடம் போய் அந்தச் செய்தியைக் காட்டினான். எழுதியவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது வெளியூர்க்காரர்கள் தங்கும் அறை வாசலில் மாமாவும் நம் ஆட்களுமே முறைபோட்டுக் காவலுக்கு உட்காருகிறார்கள். பாதிப் பேர் மாமாவைத் துரோகி என்கிறார்கள். அவன், உள்ள இருக்கவனுங்ககூட ஒரு வார்த்தை பேச மாட்டேன், ஆனா எவனையும் கிட்ட வரவும் விட மாட்டேன் என்கிறான். வேலைநிறுத்தத்தையும் விடவில்லை.

நாள் முழுக்கக் கண்டதையும் படிக்கிறாய், சாயங்காலம் கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வா, கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. வேலை நிரந்தரமாகவில்லையே என்று நீ போட்ட கோட்டை மட்டும் அழித்துவிடாதே, வயிற்றுக்கு நாங்கள் இருக்கிறோம். நீ நன்றாக இருப்பாய். மாமா உன்னிடம் சொல்லச் சொன்னது இது: அவ எழுதுற சட்டத்துல என் கோபத்துக்கு ஓர் இடம் விட்டு வெச்சாளே, அதுக்குள்ள நான் ஒழுங்கா இருந்துக்கறேன்னு சொல்லு.

உன்னால் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கும்,
அம்மா