ஆரபியின் மஞ்சள் துண்டு

பெப்ரவரி 11, 2025
செங்கலடிச் சந்தையில் இன்று சனமில்லை, தையல் கடையிலும் வேலை இல்லை. மேசைக்குக் கீழே கிடந்த வெட்டுத்துண்டுகளை எடுத்துச் சதுரமாக நறுக்கினேன். ஒரு பை தைக்கப் போகிறேன். மேலே துண்டுகள், நடுவில் பழைய படுக்கை விரிப்பு, உள்ளே சீத்தைத் துணி. மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.

“குப்பையக் கூட்டி வைச்சி என்ன கா செய்யப்போறாய்?” என்று அக்கா கேட்டார். கடை அவருடையது. கேட்கலாம்.

பெப்ரவரி 16
ஆரபியின் மஞ்சள் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். என் பிள்ளை டெங்கில் போய் ஆறு வருடம். சட்டையைப் பூச்சி அரித்துவிட்டது. உள்ளங்கை அளவுதான் மிஞ்சியது. அதைப் பையின் நடுச் சதுரமாக வைத்தேன். அழவில்லை.

பெப்ரவரி 27
முடிந்தது. துணி நழுவி நழுவி, இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். பட்டன் மட்டும் பாக்கி. பையைக் கடையிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 2
காய்ச்சல். எழும்பவே முடியவில்லை.

மார்ச் 4
பை இல்லை.

அக்கா சிரித்துக்கொண்டு சொன்னார்: “டவுணில பெண்கள்ற கைப்பணிக் கண்காட்சி. கடைப் பேரில குடுத்தன். முதல் பரிசு கா!”

“பை எங்க?”

“கொழும்பில இருந்து விருந்தினரா வந்த அம்மாக்கு மேடையிலயே குடுத்திட்டன்.”

நான் கேட்டேன்: “நடுவில கிடந்த துண்டு ஆர்ர எண்டு தெரியாதா?”

“துண்டுத் துணிதானே. எனக்கென்ன தெரியும்?” என்றாள்.

‘என்றாள்’ என்று எழுதிவிட்டேன். கிடக்கட்டும்.

தெரியாதாம்! அந்தச் சட்டையைத் தைத்தவளே அவள்தானே. கழுத்து இறுக்குது எண்டு பிள்ளை அழ, மடியில இருத்தி வைச்சுப் பிரிச்சுத் தைச்சவள்—

மார்ச் 5
இவர் வலையைப் பிரித்தபடி, “அக்காவோட கொழுவாத. அவ இல்லாட்டி உனக்கு ஆர் வேலை தாற?” என்றார்.

ஆரபி இவருக்கும் பிள்ளைதானே?

மார்ச் 13
கண்காட்சி நடத்தியவர்களுக்குப் போன வாரம் போன் எடுத்துக் கேட்டிருந்தேன். இன்றைக்குத்தான் பதில். அந்த அம்மா பையை வேறு யாருக்கோ அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டாராம். “அதே மாதிரி இன்னொண்டு தைக்க ஏலாதா தங்கச்சி?”

ஏலாது.

மார்ச் 19
பரிசு வாங்கிய பை தைக்கப் பழக வேண்டுமென்று மூன்று பெண்கள் கடைக்கு வந்தார்கள். அக்கா ஊசியோடு உட்கார்ந்தாள். துணி ஒரு பக்கம் சுருங்கியது. “நழுவாம எப்பிடிப் பிடிக்கிற?” என்று ஒருத்தி கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள்.

நடுவிலிருந்து வெளியே இழையோட்ட வேண்டும். எனக்குத் தெரியும். “இது தங்கச்சி தைச்ச பை” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எழும்பிப் போய்க் காட்டியிருப்பேன். சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அவள் முகம் கறுத்தது. அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழும்பிப் போனார்கள்.

சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

மார்ச் 22
கடையில் கிடந்த என்னுடைய தையல் மெசினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆட்டோக்காரர் தனியே தூக்க முடியாமல் நிற்க, அக்கா கடையிலிருந்து இறங்கி வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். ஏற்றும்போது அவள் கை என் கையில் முட்டியது. அவள் எடுக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“போவம் அண்ணன்” என்றேன் ஆட்டோக்காரரிடம்.